கண் மூடிய ஆகஸ்ட்

அந்த மனிதருக்கு என்ன வேலை என்று அவர் வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘தகவல் தொடர்பு அலுவலர்’ என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்துவிட்டு அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வரும்போதெல்லாம் கெட்டுப்போன போன்களாகத் தூக்கிக்கொண்டு வருவார். தகவல் தொடர்பு என்றால் போன்தானே, வேறென்ன. “மாப்ள, இதுல மணியே அடிக்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்க” என்று சாப்பாட்டு மேசைமேல் வைப்பார். இது என் வேலை இல்லை என்று இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது வருஷம் சலித்துப்போய் ஒரு போனைத் திறந்து தூசி ஊதினார். அது பிழைத்துக்கொண்டது. அதோடு பேர் நிலைத்துவிட்டது.

மகளுக்குப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள். தகப்பன் தொழில் என்ற இடத்தில் விரல் நீளம்தான் கோடு இருந்தது. ‘படம் எடுப்பார், கதை எழுதுவார்’ என்று நெருக்கி எழுதிக்கொண்டு போனாள். சினிமாவிலா என்று டீச்சர் கேட்டாராம். இல்லை என்றதும் அவருடைய முகம் விழுந்துவிட்டதாம். மனைவிக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. ஒரு பார்வையில் எந்தக் கடிதம் எந்தத் தெருவுக்கு என்று சொல்லிவிடுகிறவள். அவளைக் கேட்டால், “ஊர்க் கஷ்டத்துக்கெல்லாம் பிரேம் போட்டு அனுப்புற வேலை” என்பாள். அவள் சொன்னதுதான் ஓரளவுக்குச் சரி.

பல நாட்டில் காசு சேர்த்து இங்கே குழாய் போடுகிற, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுகிற, தொழில் பழக்குகிற நிறுவனம் அது. கொடுத்தவனுக்குக் கொடுத்தது என்ன ஆனது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் இவர். கிராமம் கிராமமாகப் போய்ப் படம் எடுக்க வேண்டும், கூடவே ஒரு கதை எழுத வேண்டும். முன்னால் எப்படி இருந்தார்கள், பின்னால் எப்படி ஆனார்கள், நடுவில் அவர்கள் வாயால் ஒரு வாக்கியம். இவ்வளவுதான் அச்சு. படத்துக்கும் மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்திருந்தது. முகம் தெளிவாக இருக்க வேண்டும், கண் நேராகப் பார்க்க வேண்டும், நம்பிக்கை தெரிய வேண்டும். “நம்பிக்கை என்ன சட்டைப் பொத்தானா, தெரியற மாதிரி தைச்சு வைக்க?” என்று கேட்பார் அலுவலக வண்டியின் டிரைவர். பதினொரு வருஷமாக இருவரும் ஒரே வண்டியில் போகிறவர்கள். அதனால் டிரைவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கேமராவைத் தூக்கிய மாத்திரத்தில் மனித முகம் மரமாகிவிடும். அதுவரை கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கூட, ரேஷன் அட்டைக்குப் போஸ் கொடுப்பதைப்போல விறைத்துக்கொள்வார். ஆரம்பத்தில் இவரும் திண்டாடினார். ஒருநாள் செங்கல் சுமக்கிற ஒருவரை நிறுத்திவைத்துப் படம் எடுக்கும்போது, காற்றடித்துக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அந்த ஆள் கண்ணை இறுக்க மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். திறந்த அந்த ஒரு நொடி இருக்கிறதே, அப்போது அந்தக் கண்ணில் வேறு ஓர் இடம் மிச்சமிருந்தது. எங்கேயோ போய்விட்டு இப்போதுதான் வாசலில் வந்து நிற்கிறவனின் கண். இவர் பொத்தானை அமுக்கினார். அந்தப் படத்தை மேலிடமே கூப்பிட்டுப் பாராட்டியது.

அன்றிலிருந்து அதுதான் அவருடைய தொழில் ரகசியம். “கண்ண மூடுங்க. நான் சொன்னதும் திறங்க” என்பார். இதனால் அலுவலகத்தில் அவருக்குக் கண்மூடி என்று பேர் விழுந்தது. “கண்மூடி சார், வண்டி ரெடி” என்று டிரைவர் முகத்துக்கு நேரேயே சொல்வார். இவரும் “வர்றேன்” என்பார்.

கண்ணை மூடியிருக்கும்போதே ஒரு படம் எடுத்துக்கொள்வதும் அவருக்கு வழக்கம். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். பிறகு திறக்கச் சொல்லி அசல் படத்தை எடுத்து, அதைக் கேமராவின் முதுகில் அவர்களுக்குக் காட்டி, சம்மதத் தாளில் கையெழுத்து வாங்குவார். முதல் படத்தை யாருக்கும் காட்டுவதில்லை. அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. ‘வெளிச்சம் பார்த்தது’ என்று பேர் வைத்து, தன் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் போட்டுவைத்தார். போடப் போட அது நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அலுவலகம் மூன்றாவது மாடி. அவருடைய மேசை ஜன்னலோரம்தான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் முதுகுதான் தெரியும். அங்கே ஒரு குழாய், ஒரு காய்ந்த துடைப்பம். ஏசியிலிருந்து ஒரு பெயின்ட் டப்பாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். மத்தியானம் சாப்பாடானதும் எல்லோரும் மேசைமேல் தலை சாய்ப்பார்கள். அப்போது அவர் அந்த மூலையைத் திறப்பார்.

நாலாயிரம் பேர். பால் கறக்கிறவள், கூரை வேய்கிறவன், ஊசி போடுகிற நர்ஸம்மா, பல் விழுந்த கிழவர், கைக்குழந்தையோடு ஒரு தாய். ஒருவருக்கும் கண் திறந்திருக்காது. கண்ணை மூடிய முகத்தில் முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. ஏழை என்று சொல்ல முடியாது, தேறிவிட்டவர் என்றும் சொல்ல முடியாது. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போவது, எல்லோரும் உறங்குகிற ஊரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது போலிருக்கும். எதிர்ப்படுகிறவர் யாரும் இவரிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். டப்பாவில் தண்ணீர் சொட்டும். அந்தச் சத்தம் ஏதோ ஒரு தெருமுனையிலிருந்து வருவதாகத் தோன்றும். கால் மணி நேரம், அரை மணி நேரம். யாராவது இருமினால் மூடிவைத்துவிட்டு, குடிதண்ணீர்த் திட்டத்தைப் பற்றி நாற்பது வரி எழுத ஆரம்பிப்பார்.

வினை அங்கேதான் வந்தது.

அடுத்த வருஷக் காலண்டருக்குப் பன்னிரண்டு படம் சாயங்காலத்துக்குள் அனுப்பு என்று ஒருநாள் மேலிடத்திலிருந்து அவசரம். இணையம் ஆமை வேகத்தில் போனது. ஆறு படம் போய்விட்டது. ஏழாவது ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், சும்மா இருக்கிறோமே என்று அவர் அந்த மூலையைத் திறந்தார். மனம் அங்கே நடந்துபோய்விட்டது. கை மட்டும் இங்கே வேலை செய்தது. ஆகஸ்டுக்கு என்று எடுத்துவைத்தது ஒரு பெண்ணின் படம். அதே பெண், அதே நாள், அடுத்தடுத்த எண். கை எடுத்து அனுப்பியது கண் மூடியதை.

மேலிடத்தில் படம் அடுக்குகிறவர்களுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்துப்போனதாம். கேள்வி கேட்காமல் அச்சடித்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மூவாயிரம் காலண்டர் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. இவர் கத்தியால் கீறி ஒன்றை எடுத்து, மாதம் மாதமாகப் புரட்டிக்கொண்டே போனார். ஆகஸ்டில் கை நின்றது.

உயரமான தண்ணீர்த் தொட்டி, அதன் பாசி பிடித்த கால், அதில் சாய்ந்து நிற்கிற ஒரு பெண். தலையில் துண்டு. கையில் ஆளுயர இரும்புச் சாவி. கண் மூடியிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றிருந்தது. அடுத்த கணம்தான் உறைத்தது, இது யாருக்கும் காட்டாத படம்.

அலுவலகமே கூடிவிட்டது. இது கண் ஆஸ்பத்திரிக் காலண்டரா என்று ஒருவர் கேட்டார். அந்தம்மா இருக்கிறாளா, போய்விட்டாளா என்று கணக்கர் மெதுவாகக் கேட்டார். மேலாளர் அம்மா கூட்டத்தைக் கலைத்துவிட்டு இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கத்துகிறவர் இல்லை அவர். கத்தியிருந்தால் தேவலை. சம்மதத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். படத்தைப் பார்த்தேன், சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது. கீழே கோணல் மாணலாகக் கையெழுத்து.

“அவங்க பார்த்தது இந்தப் படத்தையா?”

இல்லை என்றார் இவர்.

“அப்ப இதுக்குச் சம்மதம் இல்ல. இந்த மாதிரி இன்னும் எத்தனை வச்சிருக்கீங்க?”

பொய் சொல்ல அவருக்கு வராது. நாலாயிரத்துச் சொச்சம் என்றார். மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “அவங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். பதினொரு வருஷத்தில் இவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளாத ஒரே கேள்வி அதுதான்.

முடிவு இதுதான். அந்தப் பெண்ணை நேரில் பார்த்து, படத்தைக் காட்டி, சம்மதமா இல்லையா என்று புதுத் தாளில் எழுதி வாங்க வேண்டும். சம்மதம் என்றால் காலண்டர் வெளியே போகும். இல்லை என்றால் அந்த முகம் ஒன்றுகூட வெளியே போகாது. “இந்த மாசக் கடைசியில உங்க ஒப்பந்தத்த புதுப்பிக்கணும். மூவாயிரமும் பாழ்னா மேலிடத்துல நான் என்ன சொல்லி உங்கள நிறுத்துறது?” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

வீட்டில் சொன்னதும் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “அடுத்தவங்க கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சா எங்க ஆபீஸ்ல அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றாள். இது கடிதம் இல்லையே என்றார் இவர். “மூடினது மூடினதுதான்” என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பியது. வழியெல்லாம் டிரைவர் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருப்பது, மேகம் கூடியும் மழை பெய்யாமல் இருப்பதைப் போல.

அந்தப் பெண்ணை ஊரில் வால்வு அக்கா என்பார்கள். தொட்டியிலிருந்து தெருத் தெருவாக முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. நிறுவனம் குழாய் போட்ட கையோடு அவளுக்குப் பயிற்சியும் கொடுத்து நியமித்தது. ஒரு தெருவுக்கு நாற்பது நிமிஷம். தரையில் இரும்பு மூடிகள் இருக்கும். மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, நாலு சுற்று சுற்றினால் அந்தத் தெருவில் உயிர் வரும். விடிவதற்கு முன்னால் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை பதினாறு தெரு. ஒரு தெருவில் வாழ்த்தினால் அடுத்த தெருவில் வைவார்கள். அவள் இரண்டையும் ஒரே காதில் வாங்கிக்கொள்வாள்.

வண்டியைப் பார்த்ததும் சாவியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். “வாங்க படக்காரரே. என்ன, மறுபடியும் கண்ண மூடணுமா?”

இவர் ஆகஸ்ட் தாளை எடுத்து ஒரு வால்வு மூடிமேல் விரித்தார். காற்றில் பறக்காமலிருக்க அவள் சாவியைக் குறுக்கே வைத்தாள். கையைத் துண்டில் துடைத்தாள். குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பூமிக்கு அடியில் ஏதோ ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகிற சத்தம், உறங்குகிறவரின் மூச்சைப்போல, ஒரே சீராகக் கேட்டது.

“இது நானா?”

“நீங்கதான்.”

“தூங்குறேன்.”

இல்லை, சும்மா கண்ணை மூடியிருக்கிறீர்கள் என்றார் இவர்.

“உங்களுக்குத் தெரியாது. நீங்க மூடச் சொன்னீங்க, மூடினேன், நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். கனவுகூட வந்துச்சு.” அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். எல்லா வால்வும் திறந்து கிடந்ததாம். யாரும் சண்டை போடவில்லையாம். தெருவெல்லாம் முழங்காலளவு தண்ணீர், கண்ணாடியாகத் தெளிந்த தண்ணீர். அதில் அவளுடைய கட்டில் மிதந்து போகிறதாம். அவள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாளாம். பதினாறு தெருவும் ஒவ்வொன்றாக வருகிறது. வாசலில் நின்று எல்லோரும் கையாட்டுகிறார்கள். “கிழக்குத் தெருக்காரிங்ககூட கையாட்டினாங்கன்னா பாத்துக்கோங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு இது கனவுன்னு.”

டிரைவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. படத்தின் கன்னத்தில் விரலால் தொட்டாள்.

“தூங்குற மூஞ்சிய நாம பாக்கவே முடியாதுல்ல. கண்ணாடியில பாத்தா முழிச்சுக்கிட்டுதான் இருப்போம். பாவமா இருக்கா. யாரு பெத்த பிள்ளையோ.”

அப்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்துக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். கிழக்குத் தெரு. தண்ணீர் இன்னும் வரவில்லை, நீ என்ன தூங்குகிறாயா என்று ஒரு குரல் தொட்டிவரைக்கும் கேட்டது. திறந்து பத்து நிமிஷமாச்சு, குழாயில் எங்கேயோ ஓட்டை என்று பத்து தடவை சொல்லிவிட்டேன் என்று இவள் பதினோராவது தடவையாகச் சொல்லி, போனை வைத்தாள். ஆறு மாதமாக இதே கதை. வால்வு அக்கா தூங்கிவிடுகிறாள், அதனால்தான் தண்ணீர் வரவில்லை என்று கிழக்குத் தெருவில் கையெழுத்து வாங்கி மனுவே கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் கமிட்டி கூடுகிறது. சாவியை இவளிடமே விட்டுவைப்பதா, வேறு ஆளிடம் கொடுப்பதா என்று அன்றைக்கு முடிவாகும்.

இவர் மறுபடி படத்தைப் பார்த்தார். தாளில் அவள் உறங்குகிறாள். சாவி கையில் இருக்கிறது. தொட்டி பின்னால் நிற்கிறது. மனு கொடுத்தவர்களே காசு கொடுத்து எடுத்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக ஒரு படம் அமைந்திருக்காது.

“இது எங்கெல்லாம் தொங்கும்?” என்று கேட்டாள்.

மறைக்காமல் சொன்னார். பள்ளிக்கூடம், மருந்தகம், எல்லா ஊர்ச் சாவடி, அவர்களுடைய அலுவலகங்கள்.

“கமிட்டி ரூம்ல?”

“அங்கயும் ஒண்ணு.”

“நல்லாத்தான் இருக்கு. ஆகஸ்ட் மாசம் முழுக்க அவங்க தலைக்கு மேல சாவியும் கையுமா தூங்கிக்கிட்டு இருப்பேன்.” சொல்லிவிட்டு இவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “நான் வேண்டாம்னா உங்களுக்கு என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது.”

டிரைவர் இருமினார். தேவையில்லாத இருமல்.

“தண்ணி வந்தும் வரலைன்னு சொல்ற மூஞ்சிய நான் தினம் பதினாறு தெருவுல பாக்குறேன்” என்றாள். “அந்தக் கேமராவ இப்படிக் குடுங்க. இப்ப நீங்க கண்ண மூடுங்க.”

கொடுத்தார். எந்தப் பொத்தான் என்று காட்டினார். மூடினார்.

பதினொரு வருஷமாக அடுத்தவரை மூடச் சொன்னவர், தான் மூடிப் பார்த்ததே இல்லை. முதலில் சிவப்பாக இருந்தது. பிறகு தொட்டியின் ஈர வாசம் வந்தது. அப்புறம் மூன்றாவது மாடி. மேசை இருக்கிறது, அதன்மேல் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் இல்லை. அந்தப் பெயின்ட் டப்பா நிரம்பி வழிந்து, தண்ணீர் தரையெல்லாம் பரவி, அந்த உறங்குகிற ஊர் வாசல் வாசலாக நனைகிறது. அப்படியும் ஒருவரும் கண் திறக்கவில்லை. யார் வீட்டிலும் தனக்கு வேலையில்லை என்பது போலிருந்தது. திரும்பி நடக்கலாம் என்று பார்த்தால் செருப்பைக் காணவில்லை.

“திறங்க.”

திறந்தார். அவள் கேமராவை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

“என்ன பாத்தீங்க?”

“என் மேசை காலியா கிடந்துச்சு.”

“அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது?”

“அது கண்ணு திறந்திருந்தப்ப சொன்னது.”

அவள் தலையாட்டிக்கொண்டாள். தெரிந்ததுதானே என்பதைப்போல. கொஞ்ச நேரம் வால்வு மூடியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு சம்மதத் தாளைக் கேட்டு வாங்கினாள். “போட்டுடறேன். பிள்ளை குட்டிக்காரர். ஞாயித்துக்கிழமை நடக்கிறது நடக்கட்டும், அவங்ககிட்ட வாங்காத திட்டா?” பேனாவைத் திறந்தும் விட்டாள்.

இவர் ஆசைப்பட்டார். இல்லை என்று சொன்னால் பொய். அந்தப் பேனா முனை தாளைத் தொடுவதற்கும் தொடாததற்கும் நடுவில் அவருடைய வீட்டு வாடகை, மகள் படிப்பு, ஜன்னலோரம் எல்லாம் நின்றது. கையை நீட்டிப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாங்கக்கா.”

“ஏன்?”

“மூடச் சொன்னது நான். மூடின நேரம் பாத்துக் களவாண்டதும் நான். இருக்கிறது ஒரு சாவி உங்களுக்கு. நான் எங்க போனாலும் நாலு வரி எழுதிப் பொழைச்சுக்குவேன்.”

டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி, எதையோ தேடுகிறவரைப்போலப் பின்பக்கம் போனார்.

அவள் தாளில் ‘வேண்டாம்’ என்று எழுதினாள். பெரிய பெரிய எழுத்து. கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இடித்துக்கொண்டு நின்றது. கையெழுத்துப் போட்டாள். பிறகு ஆகஸ்ட் தாளை எடுத்து, முகத்தில் மடிப்பு விழாமல் சுருட்டி, துண்டை அவிழ்த்து அதற்குள் வைத்துக்கொண்டாள். “இது எனக்கு. வீட்டுக்குள்ள இருக்கட்டும். தெருவுக்கு வேண்டாம்.” கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது, “உங்கள எடுத்தேன், மூடினப்பதான். பாத்துட்டு வேணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லிக்குங்க” என்றாள். அடுத்த தெருவுக்கு நேரமாகிவிட்டது. சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வருஷம் பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது. மூவாயிரத்தையும் தூக்கிப்போட மேலாளர் அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆகஸ்டில் படத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுவது, தேதிகள் இருக்கட்டும் என்றார். மொத்த அலுவலகமும் பிளேடும் ஸ்கேலுமாகத் தரையில் உட்கார்ந்தது. ஆகஸ்டில் ஒரு ஜன்னல் விழுந்தது. அந்த ஜன்னல் வழியாகச் செப்டம்பரின் நாற்று வயல் தெரிந்தது. மழை மாசத்துக்கு முன்னாலேயே பச்சை வந்துவிட்டது என்று கணக்கர் சொன்னார். அதைப் பார்த்தவர்கள், இது ஏதோ புது மோஸ்தர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டதாகக் கேள்வி. வெட்டியெடுத்த முகங்களைக் கிழிக்கும் இயந்திரத்தில் இவரே ஒவ்வொன்றாகக் கொடுத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மேலாளர் அம்மா இரண்டு முறை எழுதிப் பார்த்தாராம், நடக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் தவணை வாங்கிக் கொடுத்தார். அந்த மூலையிலிருக்கும் படங்களை அழித்துவிட்டுப் போக வேண்டும், அதற்குத்தான். இவர் ஒன்று கேட்டார். அழிப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து, அவரவர் படத்தை அவரவருக்கே அனுப்பிவிடட்டுமா? மேலாளர் அம்மா யோசித்தார். “அவங்க மூஞ்சி அவங்ககிட்ட போறதுக்கு யாரைக் கேக்கணும்” என்றார்.

சம்மதத் தாள்களில் விலாசம் இருந்தது. பாதி விலாசம் அரைகுறை. ‘ஆலைக்குப் பின்னால்’, ‘பாலம் தாண்டி மூன்றாவது வீடு.’ அங்கேதான் மனைவியின் கை வந்து சேர்ந்தது. ராத்திரிகளிலும் ஞாயிற்றுக்கிழமைப் பகல்களிலும் உறைகளைத் தரையில் பரப்பி, எந்தப் பாலம், எந்த ஆலை என்று அவள் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். ஒவ்வொரு உறையிலும் இவர் ஒரு துண்டுத் தாள் வைத்தார். உங்களைக் கேட்காமல் எடுத்தது, உங்களிடமே தருகிறேன் என்று அதில் இருந்தது. அதற்குமேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை. நாற்பது வரி எழுதிப் பழகிய கை அது. ஒட்டிய உறைகளின் படங்கள் மறுநாள் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து அழியும். உறங்கும் ஊரில் ஒவ்வொரு வீடாக ஆட்கள் எழுந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

மச்சான் ஒருநாள் வந்து, உறைக் குவியலைப் பார்த்து, “போனெல்லாம் போயி இப்ப தபாலா?” என்று கேட்டுவிட்டு, அவரும் உட்கார்ந்து ஒட்டினார்.

சில பதில்கள் வந்தன. இதில் நான் என் அண்ணன் மாதிரியே இருக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒருவர் படத்தை இரண்டாகக் கிழித்துத் திருப்பி அனுப்பியிருந்தார், ஒரு வார்த்தைகூட இல்லை. ‘பெறுபவர் இல்லை’ என்று முத்திரை விழுந்து இருநூறு உறை திரும்பி வந்தது. அவற்றை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டியில் இருக்கின்றன. மனைவி அவ்வப்போது தூசி தட்டுவாள்.

கமிட்டி கூடிய கதையை டிரைவர்தான் வந்து சொன்னார். கிழக்குத் தெருக் குழாயைத் தோண்டிப் பார்க்கும்வரை சாவி அவளிடமே இருக்கட்டும் என்று முடிவானதாம். தோண்டினார்களா என்று இவர் கேட்டார். “தோண்டுவாங்க தோண்டுவாங்க. இப்பதானே சொல்லியிருக்காங்க” என்றார் டிரைவர். தெருக்காரர்கள் வைவது நிற்கவில்லை. வால்வு அக்காவின் வீட்டில் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆகஸ்ட் ஒட்டியிருக்கிறது. துணி எடுக்கத் திறக்கும்போது மட்டும் தெரியும்.

அவள் எடுத்த படத்தை இவர் பல நாள் கழித்துத்தான் பார்த்தார். கொஞ்சம் ஆடியிருந்தது. தொட்டியின் ஒரு கால், பாதி வானம், கண் மூடிய ஒரு ஆள். வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியவில்லை. மனைவி வாங்கிப் பார்த்தாள். “இருபது வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன், இந்த மூஞ்சிய எனக்குத் தெரியாதா?” என்று சொல்லி, பணப்பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அவர் இருப்பது அந்தப் பழைய அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு போட்டோ கடையில். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் முகம் எடுக்கிற கடை. ஒரு நீலத் திரை, ஒரு சுழல் நாற்காலி, சுவரில் ஒரு சீப்பு. கண் மூடிய படத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளாது என்று அங்கே ஒரு அறிவிப்பே தொங்குகிறது. ஆனாலும் அந்தக் கடைப் படம் நன்றாக இருக்கிறது, ஆள் உயிரோடு இருக்கிறான் என்று பேர் பரவி, வரிசை தெருவரைக்கும் நிற்கிறது. மகள் போன மாதம் புதுத் தாள் ஒன்றில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் ‘போட்டோக்காரர்’ என்று எழுதினாள். கோட்டில் இடம் மிச்சமிருந்தது. மச்சான் மட்டும் இன்னும் போன் கொண்டுவருகிறார்.

ஆட்கள் நாற்காலியில் வந்து விறைத்து உட்காருவார்கள். “கண்ண மூடுங்க” என்பார். மூடுவார்கள். விசிறி சுற்றும். அவர்கள் எங்கேயோ போவார்கள். போவது முகத்தில் தெரியும். நெற்றி தளரும், உதடு பிரியும். அதை அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவருடைய விரல் பொத்தானில் இருக்காது. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

அவர்கள் போய்ச் சேரட்டும் என்று கொஞ்சம் பொறுப்பார். பிறகு மெதுவாக, உறங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில், “திறங்க” என்பார்.